நாலுக்கு ஒன்று

காவல் ஊசியைக் கண்டுபிடித்தவள் நான் அல்ல. கண்டுபிடித்தவர் பரிசெல்லாம் வாங்கிக்கொண்டு எங்கோ ஒரு குளிர்ப்பிரதேசத்தில் நிம்மதியாக இருக்கிறார். எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போடுவது என்று அட்டவணை தயாரித்தவள் நான். தப்பு நடந்தால் கடைசியில் வந்து நிற்கிற இடம் அட்டவணைதான்.

அத்திமாங்குப்பத்தில் பதினெட்டு வருடம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்கள். பிறகு பட்டறைகளை மூடி சீல் வைத்தாயிற்று. மண்ணுக்குள் போய்விட்ட ஈயத்துக்கு மட்டும் யாரும் அந்தத் தகவலைச் சொல்லவில்லை. அது நிதானமாகக் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் குழாய்களுக்கும் இறங்கியது. நல்ல தண்ணீர் கொண்டுவர முப்பது கிலோமீட்டர் குழாய் பதிக்க வேண்டும். அதைவிடக் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுவது சுலபம் என்று மேலே முடிவானது. பெரியவர்கள் எப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடுவார்கள், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான் மூளை போய்விடும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் தலையாட்டினேன்.

சுற்றுவட்டார ஊர்களின் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் மூன்றாம் மாதம் போடுகிற ஊசி அது. ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகிற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஈயத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரசவத்தில் நஞ்சுக்கொடியோடு வெளியே வந்துவிடும். தாயின் வயிற்றில் ஒட்டுகிற, ஆறாம் வருடத்தில்தான் வந்த ஒரு சின்னப் பட்டை, காவல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று செவிலியரின் கைபேசிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அதிகமாகப் போட்டால் செல்கள் இரும்புச்சத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும், பிள்ளை சோகை பிடித்துச் செத்துப் பிறக்கும். குறைவாகப் போட்டால் சீக்கிரம் நிறைந்துவிடும். நிறைந்தால் அத்தனை செல்களும் ஒரே நாளில் செத்து, மாதக்கணக்கில் பிடித்து வைத்ததை எல்லாம் பிள்ளையின் ரத்தத்தில் கொட்டிவிடும். ஊசியே போடாமல் இருந்தால்கூட அந்தக் கெடுதல் நேராது. இன்னொரு ஊசி போடவும் வழியில்லை. ஆகவே அளவு துல்லியமாக இருக்க வேண்டும். அளவைத் தீர்மானிப்பது அவள் குடிக்கிற தண்ணீர். அவள் குடிக்கிற தண்ணீரைச் சொல்வது அவளுடைய முகவரி. என் படிவத்தில் முகவரிக்கு ஒரு வரி இருந்தது.

ஆறு வருடம் கழித்து ஸ்டெல்லா என்னை அழைத்தாள். அத்திமாங்குப்பம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் அவள். 'போனில் சொல்ல முடியாது, நேரில் வாங்க' என்றாள். சம்பளப் பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அவளுடைய அறையில் என்னை உட்காரவைத்தாள். என் தலைக்கு மேல் பழைய சுவர் எழுத்து, பாதி உரிந்துபோய் இருந்தது. காலரா காலத்தில் எழுதியதாம். 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், நோயை விரட்டுங்கள்.' யாரும் அழிக்கவில்லை. ஸ்டெல்லா ஒரு நோட்டை என் முன்னால் வைத்தாள். முப்பத்தோரு குழந்தைகளின் பெயர்கள், அவள் கையெழுத்தில்.

"எல்லாம் ஊசி போட்ட தாய்க்குப் பொறந்ததுங்க மேடம். மூணு வயசாகியும் பேச்சு வரல. சிலதுக்கு வலிப்பு. நாலு பசங்களுக்குக் காது கேக்கல. ரத்தத்துல ஈயம் எக்கச்சக்கம்."

"இந்த ஊர்ல ஊசி போட்டவங்க ஆயிரத்துக்கு மேல இருக்காங்களே ஸ்டெல்லா. மத்த குழந்தைங்க?"

"நல்லா இருக்குதுங்க. அதான் எனக்கும் மொதல்ல புரியல." அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இந்த முப்பத்தொண்ணும் தலைச்சன் புள்ளைங்க. ஒண்ணுகூட ரெண்டாவது இல்ல. அப்பா ஊரு எல்லாருக்கும் வேற. மேல்செருவை, ஆலங்காடு, அந்தப் பக்கம், ஏரித்தண்ணி குடிக்கிற ஊருங்க. பொறந்தது மட்டும் இங்க."

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வளைகாப்பு முடிச்சு அம்மா வீட்டுக்கு வருவாங்க இல்ல மேடம்" என்றாள் ஸ்டெல்லா, எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்வதுபோல. "தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே. ஏழாம் மாசம் வந்தா புள்ள பொறந்து மூணு மாசம் வரைக்கும் இங்கதான். படிவத்துல புருஷன் வீட்டு முகவரி. ஏரித்தண்ணிக்குன்னு போட்ட கொறஞ்ச அளவு. இங்க வந்து ஈயத்தண்ணி குடிக்கிறாங்க."

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை நானும் அம்மா வீட்டில்தான் பெற்றேன். என் மாமியார் கைநிறைய வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு போட்டு, காரில் ஏற்றி அனுப்பியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்த உடம்போடு போய் உட்கார்ந்துதான் பின்னாளில் நான் அந்தப் படிவத்தைத் தயாரித்தேன். வெள்ளைக்காரன் தயாரித்திருந்தால் மன்னித்துவிடலாம்.

"இப்போ யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தி இருக்கா. தர்ஷினி. வந்து மூணு வாரம் ஆகுது. வரும்போது காவல் நாப்பதுல இருந்துச்சு. இன்னைக்குக் காலைல எழுபத்தாறு."

பிரசவத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. அந்த ஊரில் இருந்தால் இரண்டே வாரத்தில் நூறு ஆகிவிடும். உடனே கிளம்பி ஏரித்தண்ணீர் குடித்தால் பிரசவத்தன்று தொண்ணூறைத் தாண்டாது. கைபேசியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தேன். முப்பத்தோரு பிள்ளைகளுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இந்த ஒரு பிள்ளை மட்டும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தர்ஷினியின் அம்மா அம்சவேணி புருஷன் இல்லாதவள். பட்டறையில் வேலை பார்த்த அவர், மூடுவதற்கு இரண்டு வருடம் முன்பே சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். ஒற்றைப் பெண்ணைத் தையல் மிஷினை மிதித்தே வளர்த்திருந்தாள். நாங்கள் போனபோது வீட்டின் முன்னறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, துவைத்து, குழந்தைக்கான துணியாக அடுக்கி வைத்திருந்தாள். உத்திரத்தில் தூளிக்கான கயிறு அப்போதே தொங்கிக்கொண்டிருந்தது. தர்ஷினி அதன் கீழே கால் நீட்டி உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது. வயிற்றில் பிள்ளை உதைக்கும்போதெல்லாம் மாங்காயைக் கீழே வைத்துவிட்டுக் கையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகவில்லை. தப்பு என் படிவத்தில் என்பதையும் சொன்னேன்.

அம்சவேணி முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ இன்னா பண்ணணும்ன்றீங்க?" என்றாள்.

"இன்னைக்கே மேல்செருவைக்கு, அவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. பிரசவம் அங்க நடக்கட்டும். இங்க இனிமே ஒரு வாய்த் தண்ணி குடிக்கக் கூடாது."

"கேன் தண்ணி வாங்கித் தரேன்."

"இந்த ஊரு கேன் எல்லாம் நம்ம கருமாரி தெரு போர்லதான் ரொப்புறாங்க அக்கா" என்றாள் ஸ்டெல்லா மெதுவாக.

அம்சவேணி எழுந்து போய், அடுக்கியிருந்த துணிகளை மறுபடி அடுக்கினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"கல்யாணத்தப்பவே சம்பந்தியம்மா ஒரு வார்த்த சொன்னாங்க. ஆம்பள இல்லாத வூட்டுல பொண்ணு எடுக்கிறோம், பின்னால செய்முறைக்கு ஆளு இருக்குமான்னு. நான் ஒண்ணும் பேசல. வளைகாப்பு முடிச்சு நானே போயி கூட்டிக்கினு வந்தேன். இப்போ மூணாவது வாரத்துல திருப்பிக் கொண்டும்போயி விட்டா இன்னா சொல்லுவாங்க? தலைப்பிரசவம் பாக்கத் துப்பில்லாதவன்னு சொல்ல மாட்டாங்களா?"

"அம்மா, போகலாம்மா" என்றாள் தர்ஷினி. "டாக்டர் இவ்ளோ தூரம் வந்து சொல்றாங்க."

"நீ சும்மா இரு."

ஒரு மணி நேரம் பேசினேன். முப்பத்தோரு பெயர்களில் அவளுக்குத் தெரிந்த பிள்ளைகளை ஸ்டெல்லா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடுத்த தெரு பிரியாவின் மகன், கோயிலண்டை வீட்டுக் குழந்தை. அம்சவேணியின் முகம் வெளுத்தது, ஆனாலும் வீம்பு விடவில்லை. அவளுக்குப் புரியாமல் இல்லை, தோற்றுப்போய்த் திரும்ப முடியவில்லை. மனித மனம் படித்தவள் என்று எனக்கு அப்போது என்னைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு. அவளுக்கு இறங்கி வர ஒரு படி வேண்டும், அதை நான் போட்டுக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

"தாய் வீட்டுக் கடமை எதுவும் குறைய வேண்டாம்மா" என்றேன். "பிரசவம் நடக்கிற இடம் மட்டும்தான் அங்க. கஷாயம், பத்தியம், பிள்ளைக்குத் துணி, எல்லாம் நீங்களே உங்க கையால செஞ்சு கொண்டுபோய்க் குடுங்க. மேல்செருவை நாப்பது நிமிஷம்தானே. தினமும் அம்மா வந்து பார்த்துட்டுப் போறாங்கன்னா யாரு குறை சொல்லுவாங்க? அவங்க மூக்குல விரலை வைக்கணும்."

அம்சவேணி திரும்பினாள். முதல் முறையாக என்னைச் சரியாகப் பார்த்தாள்.

"அது சரிதான்" என்றாள்.

அன்று மாலையே தர்ஷினி கிளம்பினாள். அம்சவேணி தூளிக் கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்தாள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி மேடம் அந்த வார்த்தை தோணுச்சு உங்களுக்கு?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் இருந்தது.

அடுத்த வாரமே நான் படிவத்தை மாற்ற எழுதிக் கொடுத்தேன். முகவரிக்குக் கீழே 'பிரசவம் பார்க்கும் இடம்' என்று புதிதாக ஒரு வரி. ஸ்டெல்லா மேல்செருவைக்குப் போய் அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர், குடத்துத் தண்ணீர், ஊறவைத்த அரிசி எல்லாவற்றையும் சோதித்தாள். ஈயம் எதிலும் இல்லை. பிறகும் வாரம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டு பத்து மணி வண்டியில் திரும்பிவிடுவாள்.

இரண்டு வாரம் கழித்துக் காவல் எண்பத்திரண்டு.

நாலு வாரத்தில் எண்பத்தொன்பது.

"கொஞ்சம் ஜாஸ்தியா ஏறுதே மேடம்" என்றாள் ஸ்டெல்லா போனில். "வேற எங்கேர்ந்தாவது வருமா?"

"எலும்புலேர்ந்து வருது ஸ்டெல்லா. அவ இருபது வருஷம் அந்த ஊர்த் தண்ணி குடிச்சவ. ஈயத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, ரெண்டையும் எலும்புல சேத்து வெச்சுக்கும். கடைசி மாசத்துல பிள்ளைக்கு எலும்பு வளரணும்னு அம்மா எலும்பு கரையும். சேத்து வெச்ச ஈயமும் அதோட வெளிய வரும். இது எதிர்பாத்ததுதான்."

"எவ்வளவு வரைக்கும் போவும்?"

"தொண்ணூறுன்னு நெனச்சேன். ரத்தத்துல மிச்சமிருக்கிற பழைய ஈயம் கொறையக் கொறைய வேகமும் கொறையும், தொண்ணூத்தஞ்சு ஆகலாம். தாங்கும்."

நான் சொன்ன அத்தனையும் உண்மை. எந்தப் பாடப்புத்தகத்தில் பார்த்தாலும் இருக்கும். நல்ல விளக்கம் ஒன்று கையில் இருந்தால் மனிதர்கள் எழுந்துபோய்ப் பார்க்க மாட்டார்கள், நான் பார்க்கவில்லை. தர்ஷினியின் கோப்பில் 'ஏற்கத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதிய படிவம் ஏற்கப்பட்ட அன்று தலைமை அலுவலகத்தில் ஒரு சின்னக் கூட்டம். முப்பத்தோரு குழந்தைகளுக்கு உதவித்தொகை உண்டா என்று ஒருவர் கேட்டார். அது வேறு துறை என்று பதில் வந்தது. அப்புறம் தவறை நேர்மையாக ஒப்புக்கொண்டு திருத்தியதற்காக என்னைப் பாராட்டினார்கள். கை தட்டினார்கள். அப்போதுதான் மேசை மேல் கைபேசி அதிர்ந்தது. ஸ்டெல்லாவின் செய்தி: காவல் நூறு. பிரசவத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

பிள்ளையை அன்று மாலையே அறுவை செய்து வெளியே எடுத்தார்கள். அதற்குள் கொட்ட வேண்டியதெல்லாம் கொட்டி முடிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் நான் மேல்செருவைக்குப் போனேன். ஸ்டெல்லாவும் கூட வந்தாள். எங்கள் வண்டி போய்ச் சேரப் பதினொரு மணி ஆகிவிட்டது.

தர்ஷினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் பெண் குழந்தை, அத்திமாங்குப்பத்துப் பருத்தித் துணியில். அழகான குழந்தை, நிறைய முடி. நான் காதருகே விரலைச் சொடுக்கினேன். கண் இமைக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அழவில்லை என்றாள் தர்ஷினி. இரண்டு முறை உடம்பு விறைத்து வெட்டி இழுத்ததாம்.

"பசி எடுத்தாகூட அழல டாக்டர். நானே மணி பாத்து எழுப்பிக் குடுக்கறேன்" என்றாள். "போகப் போக சரியாயிடும் இல்ல?"

ஆகாது என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை பேசாது, படிக்காது, அம்மாவை அம்மா என்று தெரிந்துகொள்ள எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. "பாக்கலாம்மா" என்றேன்.

எனக்குக் காரணம் விளங்கவில்லை. எலும்பிலிருந்து அவ்வளவு வர முடியாது. மறுபடி ஒரு தடவை எல்லாத் தண்ணீரையும் சோதிக்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது அம்சவேணி உள்ளே வந்தாள். கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. வெயிலில் நடந்து வந்த முகம். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது, ஆனால் கோபம் இல்லை.

"வாங்க டாக்டரம்மா. என் தலைவிதி பாத்தீங்களா?" தூக்கைக் கட்டிலருகே வைத்து மூடியைத் திறந்தாள். சுக்கும் பூண்டும் பனைவெல்லமும் மணத்தது. "நீங்க சொன்ன மாதிரி ஒரு நாளு தவறலம்மா. கொண்டாந்து விட்ட மறுநாள்லேர்ந்து தெனமும் கஷாயம். ஓட்டுற ஆளில்லாத வண்டி அது, நிறுத்துன்னு சொன்னா நிக்காது, ரெண்டு ஸ்டாப்பு தள்ளித்தான் இறக்கிவிடும். நடந்து வந்துருவேன். சம்பந்தியம்மாவே சொன்னாங்க, உன்ன மாதிரி ஒரு தாய் வேணும்னு."

டம்ளரில் ஊற்றினாள். கெட்டியாக, கருப்பாக விழுந்தது.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"எங்க வெச்சுக் காய்ச்சுறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுலதான். தாய் வூட்டு அடுப்புல வெச்சாதானே அது தாய் வூட்டுக் கஷாயம்."

"தண்ணி?"

"எங்க கெணத்துத் தண்ணிதான். சும்மா இல்லம்மா, நல்லா கொதிக்க வெச்சுத்தான். நாலு சொம்பு ஊத்தி ஒரு சொம்பா வத்துற வரைக்கும் அடுப்ப அணைக்க மாட்டேன். காய்ச்சினா தோஷம் எல்லாம் போயிடும்னு உங்க ஆஸ்பத்திரி சுவத்துலயே எழுதி இருக்குதே."

நாலு சொம்புத் தண்ணீர் ஆவியாகி ஒரு சொம்பு ஆகும். ஈயம் ஆவியாகாது. நாலு சொம்பு ஈயமும் அந்த ஒரு சொம்பில் இருக்கும். தர்ஷினி அந்த ஊரிலேயே சும்மா இருந்து கிணற்றுத் தண்ணீரை மொண்டு குடித்திருந்தால்கூட, ஒரு டம்ளருக்கு இதில் கால்வாசிதான் போயிருக்கும்.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நடந்தது நடந்துவிட்டது. அம்சவேணிக்கு மிச்சமிருப்பது, தன் கையால் தன் மகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்ற ஒரே ஆறுதல். அதையும் பிடுங்க நான் யார்? ஆனால் தர்ஷினி டம்ளரைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் குடிப்பது பாலில் போகும்.

"அதைக் குடிக்காத" என்றேன்.

"ஏன்?" என்றாள் அம்சவேணி.

சொன்னேன். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியங்களாக, அவளுக்குப் புரியாமல் போக இடம் வைக்காமல் சொன்னேன். சுவர் எழுத்து கிருமிக்கு எழுதியது என்றேன். ஈயம் கிருமி இல்லை என்றேன். காய்ச்சக் காய்ச்சக் கூடும் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தர்ஷினி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், அம்மாவிடமிருந்து ஒரு சாண் தள்ளி. அதை அம்சவேணி பார்த்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க" என்றாள் என்னிடம். குரல் உயரவில்லை. "உங்க கையால செஞ்சு குடுங்கன்னு."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அம்சவேணி குனிந்து டம்ளரில் இருந்ததைத் திரும்பத் தூக்கில் ஊற்றினாள். ஒரு சொட்டு தரையில் சிந்தியது, முந்தானையால் துடைத்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சாக்கடைப் பக்கம் குனிந்தாள், நிமிர்ந்தாள். துளசிச் செடி, துணி துவைக்கிற கல், ஓரமாகக் கிணறு. ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்சம் நின்றாள். பிறகு தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்படிக்குத் திரும்பி வந்தாள்.

"இத எங்க கொட்டறதும்மா?" என்று கேட்டாள்.